மே மாதத்தில் தேரிக்காட்டுக் குலதெய்வம் கோயிலுக்கு அம்மாவையும் குழந்தையையும் காரில் கூட்டிப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மே இரண்டாம் வாரம் மதுரையிலிருந்து சொந்தக் காரில், திருச்செந்தூர் பக்கம் சிவப்பு மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டில் இருக்கும் உங்கள் குலதெய்வம் அய்யனார் கோயிலுக்குப் போகிறீர்கள். மூன்று வயது மகளுக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும். கூட வருவது மனைவியும் 71 வயது அம்மாவும். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, இன்சுலின் போடுகிறார். கார் ஓடும்போது ஏசி குளிர்கிறது, நின்றால் குளிர்வதில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவே வீடு திரும்பிவிடலாமா, கார் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அம்மாவின் மாத்திரைகளை ஒன்று விடாமல் எழுதியிருப்பதைப் பார்த்தால், கார் தாங்குமா என்பதைவிட அம்மா தாங்குவாரா, குழந்தை தாங்குமா என்பதுதான் உங்கள் கவலை என்று தெரிகிறது. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் மதுரையில் பொது மருத்துவம் பார்ப்பவன். ஒவ்வொரு கோடையிலும் கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போய்விட்டு வெயிலில் சுருண்டு வருகிறவர்களைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். காரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். நின்றால் ஏசி குளிரவில்லை என்பதைக் கிளம்புவதற்கு முன் ஒரு நல்ல ஏசி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். டயர் காற்று, கூலன்ட் எல்லாம் அவரே பார்த்துவிடுவார். மற்றபடி சுருக்கமான பதில்: போகலாம், ஆனால் நீங்கள் போட்டிருக்கும் நேரக்கணக்கில் போகக் கூடாது.

ஏழு மணிக்குக் கிளம்பினால், வழியில் சாப்பிட்டு, தூத்துக்குடி போக்குவரத்தையும் கடந்து கோயிலில் இறங்கும்போது பதினொன்று ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவீர்கள். பன்னிரண்டு மணி வெயிலில், சிவப்பு மணலில், விறகு அடுப்புக்கு முன்னால் உங்கள் மனைவி நிற்பார். மொட்டை அடித்த குழந்தை நிழல் தேடி அழும். அம்மா, “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க வேலையப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமெல்லாம் அந்த ஓரத்தைப் பற்றித்தான். வெயிலில் பாதிக்கப்பட்டு வரும் வயதானவர்களிடம் எப்போதிலிருந்து முடியவில்லை என்று கேட்டால், கூட வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. “நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு” என்பார்கள். திடீரென்று ஆகியிருக்காது, மூன்று நான்கு மணி நேரமாக நடந்திருக்கும்.

வயதாக ஆகத் தாகம் எடுக்கும் உணர்வு மங்கிவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் குடிக்க வேண்டும் என்று தோன்றாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீரில் வேறு தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மேல் நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வழியில் பாத்ரூம் போக இடம் இருக்காதே என்று, கிளம்புவதற்கு முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. உங்கள் அம்மாவும் மனைவியும் இதைச் செய்வார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். அருப்புக்கோட்டையில் ஒரு இடம், எட்டயபுரத்துக்கு முன்போ பின்போ ஒரு இடம், தூத்துக்குடியில் ஒரு இடம் என்று சுத்தமான பாத்ரூம் உள்ள ஓட்டலையோ பெட்ரோல் பங்க்கையோ முன்கூட்டியே விசாரித்து வைத்து, “அம்மா, இன்ன இன்ன இடத்துல நிப்போம்” என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். நான் எழுதித் தரும் எந்த மருந்தையும்விட இந்த ஒரு வார்த்தை அதிகம் வேலை செய்யும்.

மதுரையில் மே மாதம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது நமக்குப் புதிதில்லை. வெளிக்காற்று தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், உடம்பு சூட்டை வெளியேற்ற மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். அருப்புக்கோட்டை தாண்டிப் பந்தல்குடி, எட்டயபுரம் என்று போகும் கரிசல் காட்டில் காற்று காய்ந்து கிடக்கும். வியர்வை வந்ததே தெரியாமல் உலர்ந்துவிடும், தண்ணீர் போவதும் தெரியாது. தூத்துக்குடி தாண்டிக் கடலோரம் வந்தால் நிலைமை மாறும். கடல்காற்று ஏறிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம், ஆனால் ஈரப்பதம் கூடிவிடும். வியர்வை வழியுமே தவிர உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. கடற்கரைக்குப் போனால் வெயில் தெரியாது என்ற நம்பிக்கையில் அம்மாவை மதியம் திருச்செந்தூர்க் கரையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

அதனால் இதை இரண்டு நாள் பயணமாக மாற்றுங்கள். முதல் நாள் காலை நாலரை, ஐந்துக்குக் கிளம்புங்கள். முந்தின இரவு ஒன்பது மணிக்கே வண்டி ஓட்டுபவர் படுத்துவிட வேண்டும். தூக்கம் இல்லாமல் அதிகாலையில் ஓட்டுவது வெயிலைவிட ஆபத்து. சுமார் 180 கிலோமீட்டர்தான், நின்று நின்று போனாலும் ஒன்பதுக்குள் திருச்செந்தூரில் அறைக்குப் போய்விடலாம். பகல் முழுக்க அறையில் ஓய்வு. சாயங்காலம் ஐந்துக்கு மேல் சுவாமி தரிசனம், கடற்கரை. மறுநாள் விடியும்போதே, ஐந்தரைக்கெல்லாம் தேரிக்குப் புறப்படுங்கள். ஆறு மணிக்குப் பொங்கல் பானையை ஏற்றினால், முடி இறக்கி, காது குத்தி, பூஜை முடித்து ஒன்பது, ஒன்பதரைக்குக் கிளம்பிவிடலாம். பூசாரியிடமும் முடி இறக்குபவரிடமும் முன்கூட்டியே போனில் பேசி நேரம் வாங்கி வையுங்கள். மதுரைக்குத் திரும்புவது சாயங்காலம் நாலு மணிக்கு மேல்.

சீட் விஷயம் சின்னதுதான், ஆனால் பலன் உண்டு. காலையில் தெற்கு நோக்கிப் போகும்போது சூரியன் உங்களுக்கு இடப்பக்கம். மறுநாள் மாலை வடக்கு நோக்கித் திரும்பும்போதும் அது இடப்பக்கம்தான். அதனால் போகும்போதும் வரும்போதும் அம்மாவை டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கம் உட்கார வையுங்கள். குழந்தையின் சீட் நடுவில். உங்கள் மனைவி இடப்பக்கம் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு ஒரு துணியைத் தொங்கவிடலாம்.

தேரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் சின்ன வயதில் போனதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்பு ஆக்சைடு பூசிய சிவப்பு மணல் அது, காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள். பனையும் முந்திரியும் உடைமரமும் ஆங்காங்கே நிற்கும், நடுவில் வெறும் மணல். காய்ந்த மணலின் மேற்பரப்பு காற்றைவிட வெகு சீக்கிரம் சூடேறும். காற்று 38 இருக்கும் மதியத்தில் மணல் 50 டிகிரியைத் தாண்டிவிடும். போட்டோ எடுக்கத் தார்ச்சாலையை விட்டுக் காரை மணலில் இறக்க வேண்டாம். சக்கரம் புதைந்துவிட்டால், நடுவெயிலில் காரைத் தள்ளுகிற ஆரோக்கியமான ஆளுக்கே வெயில் தாக்கும்.

இப்போது அம்மாவின் கால். இதை ரொம்ப முக்கியமாகச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன், கோடையில் கோயில் பிரகாரத்தை மூன்று சுற்று வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். வலி என்று அவர் வரவில்லை. வீட்டுத் தரையில் ஈரமாகக் கால் தடம் விழுவதைப் பார்த்து மகள்தான் கூட்டி வந்தார். இரண்டு உள்ளங்காலிலும் முன்பாதம் முழுக்கக் கொப்புளம், ஒரு பக்கம் உடைந்து தோல் உரிந்திருந்தது. கேட்டதற்கு, “ஏதோ துணி ஒட்டுன மாதிரி இருந்துச்சு டாக்டர்” என்றார். நாள்பட்ட சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போய், சுடுவதே தெரியவில்லை. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகியது. உங்கள் அம்மாவுக்குக் கால் மதமதப்போ எரிச்சலோ இருந்தால், கல்தரையிலும் மணலிலும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. செருப்பைக் கோயில் வாசல் வரை போட்டுக்கொள்ளட்டும், உள்ளே பருத்திச் சாக்ஸ் போடட்டும். வெயில் ஏறிய பிறகு சாக்ஸ் மட்டும் போதாது, நிழல் தரையாக இருக்க வேண்டும். அன்று இரவு நீங்களே அம்மாவின் உள்ளங்காலை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் இங்கே எழுதுவதை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். அம்மாவை நேரில் பார்க்காமல் அந்த முடிவை நான் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். நீங்கள் எழுதிய பட்டியலில் டெல்மிசார்டான் என்ற பிரஷர் மருந்துடன் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை இருக்கிறது. பின்னது சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தும் இருக்கிறது, அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும்போது கூடவே தண்ணீரையும் கொண்டுபோகும். இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் வெயிலில் தண்ணீர் குறைந்த நேரத்தில் பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன் போய், “இரண்டு நாள் வெயில்ல இருப்பாங்க, வாந்தி பேதி வந்தா எந்த மாத்திரையை நிறுத்தணும்” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலினில் திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும். நிறுத்தி வைத்த காருக்குள் 30 டிகிரி என்பதே கிடையாது. அகலவாய் ஃபிளாஸ்கில், அல்லது ஈரத்துணி சுற்றிய சின்ன டப்பாவில் வைத்து, இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். ஐஸ் மேல் நேரடியாகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலினும் சூட்டில் கெட்ட இன்சுலினும் பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது. சர்க்கரை பார்க்கும் மிஷினையும் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். சூட்டில் அதுவும் ஸ்டிரிப்பும் தப்பாகக் காட்டும். அம்மாவுக்குத் தலைசுற்றி வியர்த்தால் அது வெயிலா, சர்க்கரை குறைந்ததா என்று பார்த்தவுடன் சொல்ல எனக்கே முடியாது. அந்த மிஷின் சரியாக இருந்தால்தான் தெரியும்.

குடிப்பதற்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர்தான் முதலில். லேசாக உப்புப் போட்ட நீர்மோர் ரொம்ப நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. டெல்மிசார்டான் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும், அதைச் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகமும் சரியில்லை என்றால், நாளைக்கு இரண்டு மூன்று இளநீர் என்று கொடுப்பது சரியில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒன்று குடிக்கலாம், அதன் இனிப்பையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நுங்கு சீசன், அதையும் தாராளமாகக் கொடுக்கலாம். நன்னாரி சர்பத், ஜிகர்தண்டா எல்லாம் ருசிக்கு. தண்ணீர்ச் சத்து குறைந்தவருக்கு அவை மருந்து ஆகாது, அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுப்பது என்று நான் சொல்லி அனுப்புவது வழக்கம். இந்த அளவு என் அனுபவக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். இதய பலவீனத்துக்காக டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இது பொருந்தாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறார் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களிடம் சிறுநீரின் நிறத்தை மட்டும் நம்பிவிட முடியாது. அம்மாவுக்குக் கடிகாரம்தான் சரி.

ஓஆர்எஸ் (தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருப்பதை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். அட்டை டப்பாவில் வரும் பழ ருசி பானங்கள் வேறு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு, அது உப்பைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். சரியாகக் கலந்தால் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான், நிஜமாகவே தண்ணீர் குறைந்திருக்கும்போது சர்க்கரை நோயாளிக்கும் கொடுக்கலாம். சும்மா தாகத்துக்குக் குடிக்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு வருகிறேன். மொட்டை அடித்ததும் சந்தனம் பூசுவோம். சந்தனம் வெயிலைத் தடுக்காது, மேலே மெல்லிய பருத்தித் தொப்பியோ துணியோ வேண்டும். அழும்போது கண்ணீர் வராமல் போவது, வாய் உலர்வது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருப்பது, விளையாடாமல் துவண்டு மடியில் சாய்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்போதே நிழலுக்கும் ஓஆர்எஸ்ஸுக்கும் போங்கள். அப்புறம் அந்தக் கார். “பாப்பா தூங்குது, கார்லயே இருக்கட்டும், அம்மா பாத்துக்குவாங்க” என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். வெயிலில் நிற்கும் கார் பத்து நிமிஷத்தில் வெளியைவிடப் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். ஏசியைப் போட்டு விட்டுப் போகலாம் என்றால், உங்கள் கார் ஏசி நின்றால் குளிராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இந்த இருவரும் காரில் தனியாக இருக்கவே கூடாது, ஐந்து நிமிஷம்கூட.

வழியில் ஏசி நின்றுபோனால் ஜன்னலைத் திறந்து, ஈரத்துண்டைக் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு அடுத்த ஊர் வரை ஓட்டலாம். கரிசல் பக்கத்துக் காய்ந்த காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், கடலோரத்தில் அவ்வளவு செய்யாது. துண்டை நனைக்காமல் 40 டிகிரிக் காற்றை முகத்தில் வாங்குவது குளிர்ச்சி தராது, உடம்பை மேலும் உலர்த்தும்.

வீட்டில் சொல்லும் வைத்தியங்களையும் கேட்டிருந்தீர்கள். சட்டைப் பையில் வெங்காயம் வைப்பது வெயிலைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வைத்தால் கெடுதலும் இல்லை, அம்மாவின் மனசுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதும் அப்படித்தான். மாம்பழம் சூடு, முட்டை சூடு என்பதை நான் யாரிடமும் வாதாடுவதில்லை. ஆனால் அவற்றால் வெயில் தாக்கியவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக, நடக்கக் கூடாதது நடந்தால் என்ன செய்வது என்பது. தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, களைப்பு மட்டும் இருந்து ஆள் தெளிவாகப் பேசினால், நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணியில் தேற வேண்டும். பேச்சு உளறினாலோ, ஊர் பெயர் கேட்டால் முழித்தாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். ஒருவர் 108-க்குக் கூப்பிடும்போதே இன்னொருவர் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். துணியைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் உடம்பில் ஊற்றி, சேலையாலோ அட்டையாலோ விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, கொடுக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள். இதற்காகவே குடிக்கும் தண்ணீர் போக, இருபது லிட்டர் கேன் ஒன்றைக் கூடுதலாக டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படாவிட்டால் பொங்கல் பாத்திரம் கழுவ ஆகும்.

பயணத் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, பள்ளி விடுமுறையும் சொந்தபந்தங்கள் வருவதும் மே மாதத்தில்தான் அமையும் என்பது புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு அந்த வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள். மாத்திரைப் பேச்சு முடிந்ததும் அவருடைய கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவையும் எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள், இளநீர் விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.